கம்பெனி கைமாறுகிறது: இருந்து பார்ப்பதா, வி.எஸ்.எஸ். (தன்விருப்ப விலகல் திட்டம்) எடுப்பதா, முந்திக்கொண்டு கிளம்புவதா?

"அண்ணே, ராஜினாமா கடிதம் எழுதி வைத்துவிட்டேன். திங்கட்கிழமை கொடுத்துவிடட்டுமா?"

போன வாரம் பினாங்கு, பத்து காவானில் வேலை செய்யும் ஒரு தம்பி போனில் கேட்டது இது. அவன் இருக்கும் மருத்துவச் சாதனக் கம்பெனியை இன்னொரு பெரிய கம்பெனி வாங்குகிறது. மின்னஞ்சல் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் கம்பெனி பஸ்ஸில் ஆளுக்கொரு கதை. எச்.ஆரிடம் பட்டியல் தயாராக இருக்கிறதாம், மூன்று உற்பத்தி லைன் கோஸ்டா ரிக்காவுக்குப் போகிறதாம், பழைய ஆள்களைத்தான் முதலில் தூக்குவார்களாம். தூக்கம் போய்விட்டது அவனுக்கு. கொடுக்காதே என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று போனில் முழுதாகச் சொல்ல முடியவில்லை. இதே கேள்வியோடு இன்னும் நாலைந்து பேர் வந்ததால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. பாயான் லெப்பாசில் நான் இருந்த கம்பெனி கைமாறியபோது எங்கள் லைனில் ஒரு அக்கா இருந்தார், 14 வருட சர்வீஸ். கத்தீட்டர் (உடம்புக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) முனையை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்துப் பசை தொடுவார். ஒரு துளி கூடினாலும் அடுத்த ஆள் பார்ப்பதற்குள் அவரே எடுத்துத் தனியாக வைத்துவிடுவார். வதந்தி தாங்க முடியாமல் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துக் கிளம்பினார். ஐந்து மாதம் கழித்து அந்த லைனை மூடினார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்தவர், கிட்டத்தட்ட அதே சர்வீஸ், கையில் பணத்தோடு போனார். அக்காவுக்கு ஒரு காசும் இல்லை. அவராகவே விலகியதால் கேட்கவும் வழியில்லை. அதற்குப் பிறகுதான் இந்தச் சட்டமெல்லாம் நான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

## எதை வைத்து எடைபோடுவது

எந்த வழி நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. உங்கள் கணக்கைப் பொறுத்தது. முதலில் இவற்றுக்கு விடை எழுதுங்கள், மனசுக்குள் இல்லை, தாளில்.

சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேலா, கீழா? 2023 ஜனவரி முதல் மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் எல்லா ஊழியர்களுக்கும் பொருந்தும், ஆனால் ஆட்குறைப்புத் தொகை பற்றிய பகுதி பொதுவாக 4,000 ரிங்கிட் வரை வாங்குபவர்களுக்குத்தான். இந்தக் கணக்கில் ஓ.டி. காசு சேராது. ஓ.டி.யோடு 4,600 வருகிறது, அதனால் எனக்கு ஒன்றும் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய பேர். திரும்பக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சர்வீஸ் எவ்வளவு? ஒரு வருடம் முடிந்திருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்குள் என்றால் வருடத்துக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்துக்குள் 15 நாள், ஐந்தும் அதற்கு மேலும் 20 நாள். நோட்டீசும் அப்படித்தான்: 4 வாரம், 6 வாரம், 8 வாரம்.

எந்த மாதிரி இணைப்பு? சம்பளச் சீட்டை எடுத்து மேலே உள்ள கம்பெனிப் பெயரையும் பதிவு எண்ணையும் பாருங்கள். பங்குகளை மட்டும் வாங்கினால் உங்கள் முதலாளி அதே கம்பெனிதான், வாசலில் போர்டு மாறினாலும் சர்வீஸ் அப்படியே ஓடும். தொழிலையே வேறொரு கம்பெனிக்கு மாற்றினால் புதுப் பெயரில் புதுக் கடிதம் வரும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

உங்கள் வேலையை வாங்கும் கம்பெனியிலும் ஒருவர் செய்கிறாரா? அடுத்து, சம்பளம் இல்லாமல் வீடு எத்தனை மாதம் ஓடும்? வீட்டுக் கடன், கார் தவணை, பிள்ளைகளின் டியூஷன், கம்பெனி மருத்துவ அட்டையில் மருந்து எடுக்கும் அம்மா அப்பா, எல்லாம் இந்தக் கணக்கில் வரவேண்டும்.

## யாருக்கு முதலில் ஆபத்து

எல்லோரையும் ஒரே நாளில் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம்தான் ஆள்களைத் தவறான கையெழுத்துப் போட வைக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இணைப்பு அறிவிப்பில் 'சினர்ஜி' என்று ஒரு சொல் இருக்கும், இரண்டு கம்பெனி ஒன்றாவதால் கிடைக்கும் ஆதாயம் என்று அர்த்தம். 2017 ஜனவரியில் ஆபட், செயின்ட் ஜூட் மெடிக்கலை 25 பில்லியன் டாலருக்கு வாங்கி முடித்தது. பாயான் லெப்பாசில் தொழிற்சாலை வைத்திருந்த அதே செயின்ட் ஜூட்தான். அந்த இணைப்பை அறிவித்தபோது, 2020க்குள் ஆண்டுக்கு 500 மில்லியன் டாலர் சினர்ஜி வரும் என்று முதலீட்டாளர்களிடம் சொன்னார்கள். இந்தத் தொகையில் விற்பனை கூடுவதும் உண்டு, செலவு குறைவதும் உண்டு. செலவு என்றால் அதில் ஒரே வேலைக்கு இருக்கும் இரண்டு ஆள்களும் அடக்கம். கணக்குப் பிரிவு, எச்.ஆர்., கொள்முதல், ஐ.டி., விற்பனை, இவையெல்லாம் இரண்டு கம்பெனியிலும் இருக்கும். ஒன்றாக்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

உற்பத்தி லைன் அப்படி இல்லை. உடம்புக்குள் போகும் ஒரு சாதனத்தை வேறு இடத்தில் செய்ய வேண்டுமென்றால் இயந்திரத்தை நிறுவியதிலிருந்து வேலிடேஷன் (சரியாகச் செய்கிறது என்று சோதித்து நிரூபிப்பது), கிருமி நீக்கத்துக்கு வேலிடேஷன், பொட்டலத்துக்குச் சோதனை, அப்புறம் அந்தந்த நாட்டு அதிகாரிகளின் அனுமதி என்று மாதக்கணக்கில், சில சாதனங்களுக்கு வருடக்கணக்கில்கூட இழுக்கும். அதுவரை பழைய லைன் ஓடியாக வேண்டும், இல்லாவிட்டால் மருத்துவமனைக்குப் பொருள் போகாது.

இதில் ஒரு விஷயத்தை நாங்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டோம். கைமாறிய சில மாதத்தில் எங்களுக்குத் திடீரென்று ஓ.டி. குவிந்தது, ஞாயிற்றுக்கிழமைகூட லைன் ஓடியது. ஆர்டர் கூடிவிட்டது, இனி பயமில்லை என்று சந்தோஷப்பட்டோம், ஒருவர் புதுக் கார்கூட எடுத்தார். உண்மையில் லைனை இடம் மாற்றும்போது பொருள் தட்டுப்பாடு வராமல் இருக்க முன்கூட்டியே சரக்குச் சேர்த்துவைத்தார்கள். ஆகவே ஓ.டி. கூடும்போது வேறு சிலதையும் பாருங்கள்: வெளிநாட்டு ஆள்கள் வந்து உங்கள் வேலை முறையை வீடியோ எடுக்கிறார்களா, வேலைக் குறிப்பேடுகளைத் திரும்ப எழுதச் சொல்கிறார்களா, புது இயந்திரக் கொள்முதல் நின்றுவிட்டதா. மூன்றும் சேர்ந்து வந்தால் லைன் போகிறது என்று எடுத்துக்கொண்டு தயாராகலாம்.

அப்புறம், ஆட்குறைப்பு செய்யும் கம்பெனி குறைந்தது 30 நாளுக்கு முன்பே பி.கே. பாரம் மூலம் தொழிலாளர் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரே மாதிரி வேலையில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருந்தால் அவர்களை நிறுத்திய பிறகே உள்நாட்டவரை நிறுத்தலாம் என்கிறது வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60என் பிரிவு. கடைசியில் சேர்ந்தவர் முதலில் போவது என்பதுதான் பொதுவான வழக்கம், அதை மீறினால் கம்பெனி தக்க காரணம் காட்ட வேண்டும். பஸ்ஸில் சொன்ன 'பழைய ஆள்கள் முதலில்' என்ற கதைக்கு இது நேர் எதிர்.

## வழி 1: இருந்து பார்ப்பது

3,600 ரிங்கிட் சம்பளம், 12 வருட சர்வீஸ் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு வருடச் சம்பளம் 43,200, அதை 365ஆல் வகுத்தால் ஒரு நாளுக்குச் சுமார் 118 ரிங்கிட். வருடத்துக்கு 20 நாள், 12 வருடம் என்றால் சுமார் 28,400 ரிங்கிட். எட்டு வார நோட்டீஸ் தராமல் உடனே போகச் சொன்னால் அதற்கும் சுமார் 6,600 தர வேண்டும்.

இதற்கு மேல் பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலை காப்புறுதித் திட்டம் இருக்கிறது. 2018 முதல் மாதாமாதம் சம்பளத்தில் 0.2% பிடிக்கிறார்களே, அது இதற்குத்தான். வேலை போனால் முதல் மாதம் சம்பளத்தில் 80%, இரண்டாம் மாதம் 50%, அடுத்த இரண்டு மாதம் 40%, அதற்கடுத்த இரண்டு மாதம் 30% என்று ஆறு மாதம் வரை வரும். வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இதற்கு 4,000 ரிங்கிட் வரம்பு கிடையாது. 5,500 வாங்குபவரும் கேட்கலாம், உதவித்தொகையைக் கணக்கிடும் சம்பளத்துக்கு மட்டும் உச்சவரம்பு உண்டு, 2024 அக்டோபரிலிருந்து அது 6,000.

மறைந்திருக்கும் செலவு மன உளைச்சல்தான். அதைச் சின்ன விஷயமாகச் சொல்ல மாட்டேன். ஆறு மாதம் 'யார் பெயர், யார் பெயர்' என்று வாழ்வது உடம்பைத் தின்றுவிடும், வீட்டில் சண்டை வரும். கூடவே, அதே காலத்தில் வெளியே இருந்த நல்ல வேலைகளை மற்றவர்கள் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அதனால் இருந்து பார்ப்பது என்றால் சும்மா இருப்பது என்று அர்த்தமில்லை. விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருங்கள்.

சர்வீஸ் ஐந்து வருடத்துக்கு மேல், சம்பளம் 4,000க்குள், வேலை உற்பத்தியிலோ தரக் கட்டுப்பாட்டிலோ என்றால் இதுதான் உங்கள் வழி என்று தைரியமாகச் சொல்வேன். 4,000க்கு மேல் வாங்குபவர்கள் முதலில் நியமனக் கடிதத்தையும், தொழிற்சங்கம் இருந்தால் கூட்டு ஒப்பந்தத்தையும் எடுத்து ஆட்குறைப்பு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் தொகை கம்பெனி தருவதுதான், அப்போது வி.எஸ்.எஸ். கணக்கே மாறிவிடும்.

## வழி 2: வி.எஸ்.எஸ். எடுப்பது

தன்விருப்ப விலகல் திட்டம். கம்பெனி முதலில் இதை வைக்கும், போதுமான ஆள் சேராவிட்டால் ஆட்குறைப்புக்குப் போகும். வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்று வைத்தால் மேலே சொன்ன அதே ஆளுக்கு 43,200 வரும், சட்டத் தொகையைவிட நன்றாகவே கூட. எவ்வளவு வைப்பது என்பது கம்பெனியின் விருப்பம், வாயால் சொன்னதை நம்பாமல் எழுத்தில் வாங்குங்கள்.

வருமான வரி பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். வேலை இழப்புக்கான இழப்பீடாக வரும் தொகைக்கு, முடித்த ஒவ்வொரு வருட சர்வீசுக்கும் 10,000 ரிங்கிட் வரி விலக்கு உண்டு. 12 வருடம் என்றால் 120,000 வரை. ஆனால் கடிதத்தில் அந்தத் தொகையை என்னவென்று எழுதுகிறார்கள் என்பது முக்கியம். 'சேவைக்கான அன்பளிப்பு' என்று எழுதினால் கதை வேறு, அதனால் பிரித்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். இந்தத் தொகைக்கு ஊழியர் சேமநிதி பிடிப்பும் இல்லை, முதலாளி பங்கும் இல்லை. கையில் முழுதாக வரும், அதே நேரம் ஓய்வுக்காலக் கணக்கில் ஒரு காசு ஏறாது.

பெர்கேசோ உதவி வி.எஸ்.எஸ். எடுத்தவருக்கும் உண்டு. தானாக விலகினேன், எனக்குக் கிடைக்காது என்று நினைத்து 60 நாளைத் தவறவிட்டவரை எனக்குத் தெரியும்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று. பெரும்பாலும் 'இதோடு எல்லாக் கோரிக்கையும் முடிந்தது' என்று ஒரு வரி இருக்கும், கையெழுத்துப் போட்டபின் தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போவது மிகக் கஷ்டம். மருத்துவ அட்டை கடைசி நாளோடு நின்றுவிடும், ஐம்பது வயதில் சர்க்கரையோடு தனிக் காப்புறுதி எடுக்கப்போனால் என்ன விலை சொல்வார்கள் என்று முதலில் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மூன்றாவது, நீங்கள் கேட்டாலும் கம்பெனி மறுக்கலாம். வேலை தெரிந்தவரைத்தான் மறுப்பார்கள், நீங்கள் போக விரும்பினீர்கள் என்பது மட்டும் பதிவாகிவிடும்.

இது யாருக்குப் பொருந்தும்? 55ஐ நெருங்குபவர்களுக்கு, ஏனென்றால் சேமநிதியை முழுதாக எடுக்கும் வயது பக்கத்தில் இருக்கிறது. அடுத்த வேலை எழுத்தில் உறுதியானவர்களுக்கு. 4,000க்கு மேல் வாங்கி, ஒப்பந்தத்தில் ஆட்குறைப்புத் தொகை எதுவும் இல்லாதவர்களுக்கு. நாற்பத்தைந்து வயதில், வீட்டுக் கடன் பாதியில், அடுத்த வேலை தெரியாமல், மொத்தமாக வரும் காசைப் பார்த்து மயங்கி மட்டும் எடுக்காதீர்கள். 43,000 என்பது 12 மாதச் சம்பளம், அவ்வளவுதான்.

## வழி 3: முந்திக்கொண்டு ராஜினாமா

அதே ஆளுக்கு, அதே வருடத்தில், மூன்று வழியும் தருவது:

| | ராஜினாமா | ஆட்குறைப்பு | வி.எஸ்.எஸ். |
|---|---|---|---|
| தொகை | இல்லை | சுமார் 28,400 | வருடத்துக்கு ஒரு மாதம் என்றால் 43,200 |
| நோட்டீஸ் | நீங்கள் தர வேண்டும் | 8 வாரம், அல்லது சுமார் 6,600 | கடிதத்தில் உள்ளபடி |
| பெர்கேசோ உதவி | இல்லை | ஆறு மாதத்தில் சுமார் 9,700 வரை | அதே அளவு |
| வழக்கு உரிமை | நிரூபிப்பது கடினம் | 60 நாளுக்குள் | கையெழுத்தோடு பெரும்பாலும் முடிந்தது |

அட்டவணையில் ராஜினாமாவுக்குக் கீழே உள்ளதைப் பார்த்தாலே ஏன் அந்தத் தம்பியைத் தடுத்தேன் என்று புரியும். ஆனாலும் ராஜினாமாவே சரியாக இருக்கும் இடம் உண்டு. இரண்டு வருட சர்வீஸ்தான் என்றால் சட்டத் தொகை ஒரு மாதச் சம்பளம்தான் வரும். அதற்காக, 500 ரிங்கிட் கூடுதல் சம்பளத்தோடு கையில் இருக்கும் வேலையை விடக்கூடாது. கிளீன் ரூம் அனுபவம், வேலிடேஷன், ஐ.எஸ்.ஓ. 13485 (மருத்துவச் சாதனங்களுக்கான தர விதிமுறை) ஆவண வேலை தெரிந்தவர்களைப் பினாங்கில் பக்கத்துக் கம்பெனிக்காரர்களே தேடுகிறார்கள். பி. பிரான் 1972லிருந்து இங்கே இருக்கிறது, பாஸ்டன் சயன்டிஃபிக், ஸ்மித் அண்ட் நெஃப்யூ, டெக்ஸ்காம் என்று பிறகு வந்தவர்களும் இருக்கிறார்கள். புதுக் கடிதம் கையெழுத்தாகி வந்த பிறகு மட்டும் பழைய இடத்தில் நோட்டீஸ் கொடுங்கள்.

இன்னொன்று. 'நீயே எழுதிக்கொடுத்துவிடு, ரெக்கார்டு நன்றாக இருக்கும்' என்று ஓர் அறைக்குள் கூப்பிட்டுச் சொன்னால் அங்கேயே எழுதாதீர்கள். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி எழுந்து வந்துவிடுங்கள். கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமாவும் பணிநீக்கமாகவே கருதப்படலாம், 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்படி 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் முறையிடலாம், இதற்குச் சம்பள வரம்பு இல்லை. ஆனால் கட்டாயப்படுத்தினார்கள் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும், அது லேசான வேலை இல்லை.

## வழி 4: புதுக் கடிதம், புது இடம்

தொழில் வேறு கம்பெனிக்கு மாறும்போது, உரிமை மாறிய ஏழு நாளுக்குள் புது முதலாளி முன்பைவிடக் குறையாத நிபந்தனையில் வேலை தந்தால், தக்க காரணமின்றி அதை மறுப்பவருக்கு ஆட்குறைப்புத் தொகை கிடையாது. ஏற்றால் பழைய சர்வீஸ் தொடரும். ஆகவே கோபத்தில் மறுக்காதீர்கள், ஆனால் வாசிக்காமலும் கையெழுத்துப் போடாதீர்கள். 'முந்தைய சேவைக்காலம் தொடர்கிறது' என்று தெளிவாக இருக்கிறதா, மறுபடியும் புரோபேஷன் என்று எங்காவது ஒளிந்திருக்கிறதா, சேர்ந்த தேதி பழையதா புதியதா. மூன்றையும் விரல் வைத்துத் தேடுங்கள்.

தீவிலிருந்து பத்து காவானுக்கு மாற்றல் என்றால் இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர். மோட்டாருக்கு 2019லிருந்து டோல் இல்லை, மழையில் அந்தக் காற்றில் ஓட்டுவது வேறு விஷயம். கம்பெனி பஸ் உண்டா, ஷிஃப்ட் அலவன்ஸ் அப்படியே இருக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். நிபோங் திபாலிலோ சிம்பாங் அம்பாட்டிலோ வீடு இருப்பவருக்கு இது நல்ல செய்தியாகக்கூட இருக்கும். லைன் மாற்றும் வரை இருந்தால் தனி போனஸ் என்று சிலருக்குத் தருவார்கள், அது எந்தத் தேதிவரை, அதற்கு முன் கம்பெனியே அனுப்பினால் கிடைக்குமா என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எந்த வழியானாலும் இந்த வாரமே சம்பளச் சீட்டுகள், நியமனக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதங்கள் எல்லாவற்றையும் சொந்த மின்னஞ்சலுக்கு எடுத்துவிடுங்கள். உங்களுடையதை மட்டும், கம்பெனியின் தயாரிப்பு ஆவணங்களைத் தொடவே கூடாது. கடைசி நாள் காலையிலேயே கம்பெனி லாகின் வேலை செய்யாமல் போகலாம்.

அந்தத் தம்பியோடு நேற்றிரவு உட்கார்ந்து அவன் கணக்கைப் போட்டோம். அடிப்படைச் சம்பளம் 3,850. சர்வீஸ் நாலு வருடம் ஒன்பது மாதம். இன்று ஆட்குறைப்பு வந்தால் வருடத்துக்கு 15 நாள், சுமார் 9,000 ரிங்கிட். இன்னும் மூன்று மாதம் தாண்டி ஐந்து வருடம் ஆகிவிட்டால் 20 நாள் கணக்கு, சுமார் 12,700, நோட்டீசும் ஆறு வாரத்திலிருந்து எட்டு வாரம். கால்குலேட்டரை இரண்டு தடவை தட்டிப் பார்த்தான். கடிதம் இன்னும் பையில்தான் இருக்கிறது என்றான், கிழித்துப்போடச் சொன்னேன்.